தொண்டர்களின் துவக்கு: 1915 இலிருந்து ஊர்காவல் படை வரை

என்ர மச்சாள் ஒராள் வன்னியில முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறதும், களிமண்ணில யானை செய்யப் பழக்கிறதும்தான் அவவின்ர வேலை. துவக்கை அவ கையால தொட்டதே இல்லை. ஆனா அவவுக்குச் சம்பளம் வாறது கல்வி அமைச்சிலயிருந்து இல்லை, சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலயிருந்து. அது பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ உள்ள திணைக்களம். போன விடுமுறைக்கு வீட்ட போனபோது, "அப்ப நீ ஆமிக்காரியோ?" எண்டு பகிடியாக் கேட்டன். அவ சிரிக்கேல்ல. "வேற வேலை இருந்தாச் சொல்லு, நாளைக்கே விடுறன்" எண்டா.

அந்தப் பதில் எனக்குள்ள கிடந்து உறுத்தினது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் 2006 இல் உருவாக்கப்பட்டது. அதற்கு முதல் அது ஊர்காவல் படை. எங்கட வீடுகளில அந்தச் சொல்லைப் பெரியாக்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம். அரசாங்கம் ஏன் சாதாரண சனத்திட்டத் துவக்கைக் குடுக்குது? குடுத்த பிறகு அந்தத் துவக்கு செய்யிறதுக்கு ஆர் பொறுப்பு? இந்த ரெண்டு கேள்வியோட ஒரு ஒப்படைக்காக வாசிக்கத் தொடங்கினன். 1980களில்தான் இது தொடங்கியிருக்கும் எண்டு நினைச்சன். வாசிக்க வாசிக்க 1915 இற்குப் போய்ச் சேர்ந்தன்.

படை இல்லாத நாடு

பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கென்று இருந்த உள்ளூர் ரெஜிமென்ட், சிலோன் ரைஃபிள்ஸ், 1870களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு 1949 இல் இலங்கை இராணுவம் உருவாகும் வரை இந்த நாட்டுக்கென்று முழுநேர உள்ளூர்த் தரைப்படை இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தொண்டர்கள். 1881 இல் இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணி உருவானது. பிறகு பீரங்கித் தொண்டர்கள், குதிரைப்படைத் தொண்டர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1900 இல் தோட்டத்துரைமாருக்கென்றே தனியாக ஒரு ரைஃபிள் படை அமைந்தது. அதில் ஐரோப்பியர் மட்டும்தான் சேரலாம்.

இந்தத் தொண்டர்கள் பகலில் வங்கியிலோ கந்தோரிலோ தோட்டத்திலோ வேலை செய்தவர்கள். பின்னேரத்திலும் வார இறுதியிலும் அணிவகுப்புப் பழகினார்கள். அரசாங்கத்துக்கு இதில் பெரிய இலாபம். முழுநேரப் படைக்குச் செலவழிக்கத் தேவையில்லை, அவசரம் வந்தால் கூப்பிட்டால் போதும். சேர்ந்தவர்களுக்கும் சீருடை, மரியாதை, துரைமாரோடு ஒரே வரிசையில் நிற்கும் வாய்ப்பு எல்லாம் கிடைத்தன.

1914 இல் உலகப்போர் தொடங்கியதும் கொழும்பில் 'டவுன் காட்' என்ற நகரக் காவல் படை அமைந்தது. வழமையான படையினர் போருக்குப் போனால் நகரத்தைக் காப்பதற்கு ஆட்கள் வேண்டும் என்பது காரணம். இலங்கையரும் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி பேதிரிஸ். பணக்கார வர்த்தகக் குடும்பத்துப் பெடியன், நல்ல குதிரையோட்டி. சேர்ந்து ஒரு வருடத்துக்குள் கப்டன். அவர் கதைக்குப் பிறகு வருவம்.

ஒன்பது நாள் கலவரம், மூன்று மாத இராணுவச் சட்டம்

1915 மே மாதம் 28 ஆம் திகதி வெசாக் இரவு. கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் பௌத்த ஊர்வலம் போனபோது தொடங்கிய சண்டை, சில நாட்களில் கொழும்புக்கும் மேற்கு, தெற்குப் பகுதிகளுக்கும் பரவியது. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைத் தாண்டிப் போகலாமா என்று நீதிமன்றம் வரை போன வழக்கு ஏற்கெனவே மனங்களைக் கசக்க வைத்திருந்தது. போர்க்காலத்து விலையேற்றமும் சேர்ந்துகொண்டது. கடைவைத்திருந்த முஸ்லிம்கள், குறிப்பாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோர முஸ்லிம்கள், இலக்கானார்கள். அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,075 கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன.

இந்தக் கணக்கை நான் வேணுமெண்டுதான் முதலில சொல்லுறன். 1915 பற்றிய கனக்க எழுத்துகளில் வெள்ளைக்காரன் செய்த அநியாயம் நிறைய இருக்கும், கடை எரிஞ்ச முஸ்லிம் குடும்பம் ரெண்டு வரியில முடிஞ்சிடும். அந்தக் கலவரத்தில் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். அரசாங்கம் தலையிடத்தான் வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

ஆனால் எப்படித் தலையிட்டது? ஜூன் 2 ஆம் திகதி ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். அந்த வருடம் பெப்ரவரியில்தான் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்திருந்தார்கள். ஐரோப்பாவில் போர். ஆகவே முஸ்லிம் கடைகள் மீதான தாக்குதலை, பிரித்தானிய ஆட்சியைக் கவிழ்க்கும் சதியாக அதிகாரிகள் பார்த்தார்கள். மதுவொழிப்பு இயக்கத் தலைவர்கள் சிறையில் போடப்பட்டார்கள். எஃப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க எல்லாரும் அதில் அடக்கம். அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண தண்டிக்கப்பட்டு யாழ்ப்பாணச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த வருடம் நவம்பரில் அங்கேயே இறந்துபோனார். எங்கட ஊர்ச் சிறைக்கும் இந்தக் கதையில ஒரு பங்கு இருக்கு எண்டு எனக்கு இப்பதான் தெரியும்.

நாட்டில் இருந்த சிப்பாய்கள் போதவில்லை. தொண்டர்கள் கூப்பிடப்பட்டார்கள். தோட்டத்துரைமாரும் கொழும்பு வர்த்தக நிறுவனங்களின் வெள்ளைக்கார உத்தியோகத்தரும் சீருடை போட்டுக்கொண்டு, பஞ்சாப் சிப்பாய்களோடு சிங்களக் கிராமங்களுக்குப் போனார்கள். கலவரம் ஜூன் முதல் வாரத்தோடு அநேகமாக ஓய்ந்துவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. ஆகவே பல சுடுபாடுகள் நடந்தது கலவரக்காரர் கையில் பொல்லோடு நின்ற நேரத்தில் இல்லை, எல்லாம் அடங்கிய பிறகு. தேடுதலுக்குப் போன இடத்தில், பிடித்துக்கொண்டு வந்த ஆட்களை, விசாரணை இல்லாமல் சுட்டதாக முறைப்பாடுகள் வந்தன. அரசாங்கமே ஒத்துக்கொண்ட கணக்கில், படையினராலும் பொலிசாராலும் கொல்லப்பட்டவர்கள் அறுபதுக்கு மேல்.

இந்த இடத்தில சட்டத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேணும். இராணுவச் சட்டம் எண்டால் 'இனி ஆரையும் சுடலாம்' எண்டு அர்த்தமில்லை. ஆங்கிலேயச் சட்டத்தின்படியே, ஒழுங்கை மீட்க அந்த நேரத்தில் அவசியமானதை மட்டும் செய்யலாம், அவசியம் இருந்ததா என்பதைப் பிறகு நீதிமன்றம் கேட்கலாம். முழுநேரப் படைவீரனுக்கு மேலே ஒரு கட்டளைச் சங்கிலி இருக்கு. அவன் பிழைவிட்டால் படைச் சட்டம் இருக்கு. தொண்டருக்கும் எழுத்தில் அது இருந்தது. ஆனால் நடைமுறையில், நேற்றுவரை தோட்டத்தில் கூலிகளை அதட்டிய ஒருவர் இன்றைக்குக் கிராமத்துக்குள் துவக்கோடு இறங்கினால், அவர் கொண்டு வாறது படைப் பயிற்சியை இல்லை, தன்ர பயத்தையும் பழைய அதிகாரத்தையும்தான்.

ஒரே சீருடை, இரண்டு தீர்ப்பு

இனி பேதிரிஸ். பேலியகொடப் பக்கமிருந்து கொழும்புக்குள் வரச் சனத்தைத் தூண்டினார், முஸ்லிம்களை நோக்கிச் சுட்டார் என்பவை அவர் மீதான குற்றச்சாட்டுகளின் சாரம். ராஜத்துரோகம், கடை உடைப்பு, கொலை முயற்சி என்று இராணுவ நீதிமன்றத்தில் வழக்கு. குடும்பம் எவ்வளவோ மன்றாடியும் பலனில்லை. 1915 ஜூலை 7 ஆம் திகதி வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 27 வயது ஆகவில்லை. அவர் இருந்து சுடப்பட்ட கதிரையை, இரத்தம் காயமுன்னம், சிறையில் இருந்த மற்றத் தலைவர்களுக்குக் காட்டினார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கொழும்பில ஹவ்லொக் டவுன் பக்கம் போற ஆக்களுக்கு அவருடைய பேரில மைதானம் இருக்கிறது தெரியும். தகப்பன் மகனுடைய நினைவாகக் கட்டின இசிபதனாராமய விகாரையும் அந்தப் பக்கம்தான்.

பேதிரிஸ் குற்றவாளியா இல்லையா என்பதை இந்தக் கட்டுரையில தீர்க்க முடியாது. எனக்கு முக்கியமாப் படுறது வேற. அதே வருடம், அதே இராணுவச் சட்டத்துக்குக் கீழ், தொண்டர் சீருடை போட்ட இரண்டு விதமான ஆட்கள் சட்டத்துக்கு மேலே துவக்கைப் பாவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவர் சிங்களக் கப்டன். அவருக்குச் சில நாட்களில் இராணுவ நீதிமன்றமும் துவக்கு வரிசையும். மற்றவர்கள் கிராமங்களில் சுட்ட ஐரோப்பியத் தொண்டர்கள். அவர்களுக்கு ஓகஸ்டில் லண்டனிலிருந்து ஒரு கட்டளை வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட 'நல்லெண்ணத்தோடு' செய்தவற்றுக்கு யாரும் வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். பொறுப்பு விலக்கு என்று இதைச் சொல்லலாம்.

அடுத்த வருடம் சால்மர்ஸின் இடத்துக்கு வந்த ஆளுநர் ஜோன் அன்டர்சன், சில சுடுபாடுகளை விசாரிக்க ஆணைக்குழு போட்டார். நியாயப்படுத்த முடியாத கொலைகள் நடந்தது வெளியில் வந்தது. ஆனாலும் சுட்டவர்கள் கொலை வழக்கில் கூண்டில் ஏறவில்லை. பொறுப்பு விலக்கு முதலே கையில் இருந்தது.

அப்ப ஒரு தொண்டர் படையின்ர அதிகாரம் எங்கயிருந்து வருது? சீருடை, துவக்கு, ஆளுநரின் பிரகடனம் எண்டுதான் நானும் நினைச்சன். ஆனா இந்த மூண்டும் பேதிரிசிட்டயும் இருந்தது. அவரைக் காப்பாற்றேல்ல. உண்மையான அதிகாரம் வாறது பிறகு எழுதப்படுற அந்தத் தாளில. சுட்டது தன்ர ஆள் எண்டு அரசு நினைச்சா அந்தத் தாள் வரும். இல்லையெண்டா வராது.

இராமநாதன் கண்டதும் காணாததும்

இதை முதலில் பகிரங்கமாகக் கேட்டவர் ஒரு தமிழர். சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், சுடுபாடுகளையும், கிராமத்தவரை மிரட்டி நட்டஈட்டுப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியதையும் சபையில் அடுக்கினார். நீர்மூழ்கிகள் திரிந்த கடலைத் தாண்டி லண்டன் போய் முறையிட்டார். 1916 இல் கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றி அங்கே ஒரு புத்தகமும் வெளியிட்டார். சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டதில் இந்த முயற்சிகளுக்குப் பங்குண்டு. இராமநாதன் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களத் தலைவர்கள் வண்டியைத் தாங்களே இழுத்தார்கள்.

இந்தக் காட்சியை எங்கட பாடப்புத்தகக் கதைகளில கேட்டிருப்பியள். ஆனா அவர் சிங்களக் கிராமத்தவருக்காக அவ்வளவு உருக்கமாகப் பேசியபோது, கடை எரிந்த முஸ்லிம்களுக்கு அந்த உருக்கத்தில் பங்கு கிடைக்கவில்லை. 1880களிலேயே 'சோனகர் இனத்தால் தமிழர்' என்று அவர் வாதிட்டிருந்தார். 1915 இல், தங்களைத் தமிழர் என்று சொன்ன அதே மனிதர் தங்களுக்காகக் கதைக்கவில்லை என்பதை முஸ்லிம்கள் மறக்கவில்லை. துவக்கு வைத்திருந்தவரின் பொறுப்பைக் கேட்டார், கொள்ளிக்கட்டை வைத்திருந்தவரின் பொறுப்பை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. இந்தக் குறை அவருக்கு மட்டும் சொந்தமில்லை எண்டதைப் பிறகு வந்த காலம் காட்டினது.

எல்லைக் கிராமங்களும் எங்கட தெருக்களும்

1984 நவம்பரில் டொலர், கென்ற் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்களைப் புலிகள் கொன்றார்கள். 1985 மே மாதம் அனுராதபுரத்தில் படுகொலை. எல்லைக் கிராமத்துச் சனம் இரவில் காட்டுக்குள் படுத்தது. அந்தப் பயம் உண்மையானது. அதை மறைச்சுக்கொண்டு ஊர்காவல் படை பற்றி எழுதினால் நான் பாதிக் கதைதான் சொல்லுறன். அரசு அந்தக் கிராமத்து ஆட்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சொட்கன்னும் சிறிய கொடுப்பனவும் கொடுத்தது. மேலதிகப் படைகளைத் திரட்ட 1985 இல் 40 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்ற பிறகு, கிழக்கில் முஸ்லிம் ஊர்காவலர்கள் கூடினார்கள்.

பொலன்னறுவை மாவட்டத்தில் 1992 ஏப்ரல் 29 ஆம் திகதி நடந்ததை மட்டும் பாருங்கோ. அன்று அதிகாலை அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்துக்குள் புலிகள் புகுந்து, பெண்கள், பிள்ளைகள் எண்டு பாராமல் கொன்றார்கள். அதே நாள், அந்தப் பக்கத்து ஊர்காவலர்கள் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான கரப்பொலைக்கும் முத்துக்கல்லுக்கும் போனார்கள். அங்கேயும் பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். விடிய முதல் நடந்ததற்கு, அதில் ஒரு தொடர்பும் இல்லாத சனம் விலை கொடுத்தது.

1915 இல் துரைமார் அந்நியராகக் கிராமத்துக்குள் வந்தார்கள். ஊர்காவலர் அப்படியில்லை. பக்கத்து ஊர்க்காரர். ஆர் வீடு எது, ஆர் ஆற்ர மகன் எண்டு தெரிஞ்ச ஆள். காவலுக்கு அவரைப் பொருத்தமான ஆளாக்கினதும் அதுதான், பழிவாங்குறதுக்கு வழிகாட்டினதும் அதுதான். வீட்டில பிணம் கிடக்கிற ஒருத்தர் ஆத்திரப்படுறதை என்னால விளங்கிக்கொள்ள முடியும். அந்த ஆத்திரத்தின்ர கையில அரசாங்கத்தின்ர துவக்கு இருந்ததுதான் பிரச்சினை. நாளைக்கு விசாரணை வந்தால் அரசு 'அது கிராமத்தவரின் கோபம்' எண்டு சொல்லும். ஊர்காவலர் 'நான் அரசாங்கத்தின் ஆள்' எண்டு சொல்லுவார். ரெண்டுக்கும் நடுவில செத்தவருக்குக் கேக்க ஆளில்லை.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. 1989 இல் வடக்கு கிழக்கு மாகாண சபைக் காலத்தில், இந்திய அமைதிப்படையின் உதவியோடு ஒரு தொண்டர் படை அமைத்தார்கள். சீ.வீ.எப். என்ற மூன்றெழுத்தில் நடுவெழுத்து 'தொண்டர்' என்பதைத்தான் குறித்தது. பிறகு அது தமிழ்த் தேசிய இராணுவம் எண்ட பேரில் வளர்ந்தது. அதற்கு ஆள் எடுத்த விதம்? தெருவில போன பெடியளையும், ரியூசனுக்குப் போன பெடியளையும் பிடிச்சுக்கொண்டு போனது. 'பிள்ளைபிடி' எண்டுதான் சனம் சொன்னது. 1990 தொடக்கத்தில் இந்தியப்படை போனதும் அந்தப் பெடியளில் பலரைப் புலிகள் கொன்றார்கள். தாங்களாக விரும்பிச் சேராத ஒரு படைக்காக, தொண்டர் எண்ட பேரோட செத்தார்கள். திருத்தொண்டர் புராணம் எண்டு பெரியபுராணத்துக்குப் பேர் வைச்ச மொழியில, அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேற இருக்கேலாது.

அந்தத் தாள் இன்னும் இருக்கு

பொறுப்பு விலக்கு 1915 உடன் முடியவில்லை. சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் 1982 இல் 20 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1977 ஓகஸ்டில், தமிழர்கள் தாக்கப்பட்ட அந்த மாதத்தில், ஒழுங்கை மீட்க என்று நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவற்றுக்கு அமைச்சர்களும் அதிகாரிகளும் படையினரும் பொறுப்பில்லை என்றது அது. 1988 இல் ஒரு திருத்தம் அந்தக் காலத்தை 1988 டிசம்பர் 16 வரை நீட்டியது. அந்தப் பதினொரு வருடத்துக்குள் 1983 ஜூலையும் இருக்கு, தெற்கில் ஜே.வி.பி. பெடியள் ஆற்றில் மிதந்த காலத்தின் ஒரு பகுதியும் இருக்கு. 1915 இல் அந்தத் தாளை எதிர்த்துச் சிறையிலிருந்து அரசியலுக்கு வந்த தலைமுறையின் கட்சிதான் அதை எழுதியது.

கிராமத்துக்குக் காவல் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. யானைக்கே காவல் தேவைப்படுற நாடு இது. ஆனா ஒருத்தரிட்டத் துவக்கைக் குடுக்கிறதுக்கு முதல் மூண்டு விசயம் எழுத்தில இருக்க வேணும்: ஆர் கட்டளை குடுக்கிறது, எதுவரைக்கும் செய்யலாம், பிழைச்சால் எந்த நீதிமன்றம். இந்த நாட்டில முதல் ரெண்டும் மங்கலா எழுதப்பட்டுது. மூண்டாவதை அழிக்கிறதுக்கெண்டே தனிச் சட்டம் எழுதப்பட்டுது. அதனால் பாதிக்கப்பட்டவை சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எண்டு காலத்துக்குக் காலம் மாறினவை. ஒவ்வொரு தரமும் மற்றவை 'அது எங்கட பிரச்சினை இல்லை' எண்டு இருந்திட்டினம். இராமநாதன் விட்ட அதே இடைவெளி.

போருக்குப் பிறகு அந்தத் திணைக்களம் வன்னியில பண்ணை நடத்துது, முன்பள்ளி நடத்துது. முன்னாள் போராளிகளும் அதில சம்பளம் எடுக்கினம். வேலையில்லாத ஊரில அது பெரிய விசயம், நான் அதைச் சின்னதாக்கேல்ல. ஆனா மூண்டு வயசுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கிற ஆள் ஏன் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ இருக்க வேணும்? நாளைக்கு ஒரு அவசரகாலம் வந்தா, அவவிட்ட என்ன கேப்பினம்? 'ஏலாது' எண்டு சொல்ல அவவுக்கு உரிமை இருக்கோ?

இதை எழுதப் போறன் எண்டு மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொன்னன். 1915, பேதிரிஸ், கரப்பொலை எல்லாம் பொறுமையாக் கேட்டா. கடைசியில, "எல்லாம் சரி, என்ர பேரைப் போட்டிடாத" எண்டா. போடேல்ல.